கிளிக்கு விளம்பரம் போட்டது யார்?

இலவு காத்த கிளியின் கதையில் ஒரு நியாயம் இருக்கிறது. இலவ மரம் கிளியிடம் எதையும் சொல்லவில்லை. காய் பழுக்கும், தித்திக்கும் என்று யாரும் அதற்கு ஆசை காட்டவில்லை. பச்சையைப் பார்த்து அதுவாகவே மனக்கோட்டை கட்டியது. காய் வெடித்துப் பஞ்சு பறந்ததும் ஏமாந்து போனது. தவறு முழுக்கக் கிளியுடையதுதான்.

வீடியோ கேம் ரசிகர்களுக்கும் இந்தக் கதையைத்தான் வருடக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள். ஒரு பெரிய கேம் வரப்போகிறது என்றால் போதும், அதற்கு முன்னால் உபதேசம் வந்துவிடும். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனதுக்குப் பிடித்த கேரக்டர் வராமல் போகலாம். வந்தாலும் நீங்கள் நினைத்த மாதிரி இருக்காது. ஏமாற்றம் என்பது நீங்களே உண்டாக்கிக்கொள்வது. உபதேசிகளில் விமர்சகர்கள் உண்டு, கேம் தயாரிப்பாளர்கள் உண்டு, ரசிகர்களிலேயே மூத்தவர்களும் உண்டு. என் நண்பர் ஒருவர் இதையே சுருக்கமாகச் சொல்வார்: “பொம்மைக்கு எதுக்குப்பா இவ்ளோ அழுகை?”

இப்போது ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6’-க்கும் இதே பல்லவி. ராக்ஸ்டார் நிறுவனம் 2023 டிசம்பரில் முதல் ட்ரெய்லரை விட்டது. 2025 மே 6 அன்று இரண்டாவது ட்ரெய்லரோடு ஆட்களின் குறிப்புகளும் வந்தன. லூசியா சிறையிலிருந்து வெளியே வந்திருக்கிறாள். ஜேசன் ராணுவத்தில் இருந்தவன். இப்போது போதைப்பொருள் கடத்துபவர்களிடம் வேலை பார்க்கிறான். ஒரு பொத்தானைக்கூட நாம் இன்னும் அழுத்தவில்லை. அதற்குள் இவர்களுடைய பூர்வோத்திரம் நமக்கு அத்துபடி. வெளியீட்டுத் தேதியோ இருமுறை தள்ளிப்போய் 2026 நவம்பர் 19-க்கு வந்து நின்றது. ஆளை அறிமுகம் செய்து, பழகவிட்டு, காக்கவும் வைத்தபிறகு, “ரொம்ப எதிர்பார்க்காதே” என்று சொல்வதற்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று இருக்கிறது: பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது.

என் வாதம் இதுதான். கேரக்டர்கள் மீதான எதிர்பார்ப்பு ரசிகனின் தலைக்குள் தானாக முளைத்த காளான் அல்ல. அது திட்டமிட்டு உற்பத்தியாகிறது; பல சமயம் விலை வைத்தும் விற்கப்படுகிறது. சரக்கை விற்றுக் காசை எண்ணியவர், வாங்கியவரைப் பார்த்து “இதை ஏன் இவ்வளவு வைத்திருக்கிறாய்?” என்று கேட்க முடியாது.

இதற்கு நிண்டெண்டோவின் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்’ வரிசையைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. பல கேம்களின் நாயகர்களும் வில்லன்களும் ஒரே களத்தில் மோதிக்கொள்ளும் ஆட்டம் அது. அதில் ‘யார் யார் வருகிறார்கள்’ என்பதுதான் பாதிச் சரக்கு. 2015 ஏப்ரலில் நிண்டெண்டோ தானே முன்வந்து ஒரு வாக்கெடுப்பைத் திறந்தது. எந்த கேமிலிருந்து வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றது. அக்டோபர் 3 வரை உலகமெங்கும் ரசிகர்கள் வாக்களித்தார்கள். டிசம்பரில் பேயோனெட்டாவைப் புதிய வீரராக அறிவித்தார்கள். நடைமுறையில் சாத்தியப்படக்கூடியவர்களில் அவருக்கு நல்ல ஆதரவு, ஐரோப்பாவில் முதலிடம் என்றார்கள். முழு முடிவு வெளிவரவில்லை. உண்மையில் முதலிடம் பிடித்தது யார் என்பதை இயக்குநர் மசாஹிரோ சகுராய் சொன்னது 2021 அக்டோபர் 5 அன்று, ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ நாயகன் சோராவைக் கடைசி வீரராக அறிவித்தபோது. முதலிடம் அந்த சோராவுக்குத்தான். பன்னிரண்டு வயதில் வாக்களித்த பிள்ளைக்கு முடிவு தெரியும்போது வயது பதினெட்டு.

தேர்தலை நடத்தியவர்கள் அவர்கள். பெட்டியைப் பூட்டி ஆறு வருடம் வைத்திருந்தவர்களும் அவர்களே. இடைப்பட்ட காலத்தில் “என் ஆள் வருவாரா?” என்று கேட்டவர்களுக்குத்தான் எதிர்பார்ப்பு மேலாண்மை பற்றிப் பாடம்.

ரிட்லியின் கதை இன்னும் வேடிக்கை. ‘மெட்ராய்டு’ கேம்களில் வரும் பறக்கும் ராட்சத வில்லன். ஸ்மாஷ் வரிசையில் 2008-இல் வந்த ‘பிரால்’ ஆட்டத்தில் எதிர்த்து அடிக்க வேண்டிய பெரிய வில்லனாக வந்தது, ஆட முடியாது. ஆடத் தருவீர்களா என்று ரசிகர்கள் கேட்டபோது, உருவம் பெரிது, சரிப்படாது என்பதாகவே பதில் இருந்தது. 2014 ஏப்ரலில் அடுத்த ஆட்டத்துக்கான விளக்க நிகழ்ச்சியில் ஒரு மேடையின் பின்னணியில் அதன் நிழலை மட்டும் காட்டினார்கள். நிழலைப் பார்த்தவன் என்ன நினைப்பான்? அலசினார்கள், வாதாடினார்கள், கனவு கண்டார்கள். கடைசியில் மேடையோடு வரும் ஓர் இடைஞ்சலாகத்தான் ரிட்லி நின்றது. “பார்த்தீர்களா, நீங்களாகவே கற்பனை செய்துகொண்டீர்கள்” என்று ரசிகர்களைக் கேலி செய்தார்கள். ‘ரிட்லி பெரிது’ என்பதே கேமர்களிடையே ஒரு நகைச்சுவையாகிப் போனது.

பிறகு 2018 ஜூன் 12. ‘ஸ்மாஷ் அல்டிமேட்’டை அறிமுகம் செய்த இ3 நிகழ்ச்சியின் உச்சக்கட்டத்தில் இருளிலிருந்து வந்து நின்றது ரிட்லி, ஆடக்கூடிய வீரனாக. அதற்கு அவர்கள் போட்ட விளம்பர வாசகமே ‘பெரிது’ என்ற சொல்லை வைத்து விளையாடிய சிலேடை. பத்து வருடம் ‘அதிகப்படியான ஆசை’ என்று ஓரங்கட்டப்பட்ட அதே எதிர்பார்ப்பை, விற்பனை நாளில் தங்கத் தட்டில் வைத்து எடுத்துவந்தார்கள். அதற்கு முன் யாரும் ஆசைப்படாமல் இருந்திருந்தால் அன்றைக்கு யார் கத்தியிருப்பார்கள்?

இது தற்செயல் என்று நினைப்பவர்கள் கிங் கே. ரூலின் ட்ரெய்லரைப் பார்க்கலாம். 2018 ஆகஸ்ட். டாங்க்கி காங் வீட்டு ஜன்னலுக்கு வெளியே அவருடைய பழைய எதிரியான முதலை ராஜாவின் நிழல் தெரிகிறது. ரசிகன் நாற்காலி நுனிக்கு வருகிறான். வெளிச்சம் வந்தால் அது வேறொருவர், கிங் டெடெடெ. வேஷம் கட்டிக்கொண்டு கேலியாகச் சிரிக்கிறார். ரசிகனுக்கு நெஞ்சு உடைகிறது. அடுத்த நொடி பின்னாலிருந்து உண்மையான கே. ரூல் வந்து டெடெடெயை அடித்துத் தள்ளுகிறார். 2019 ஜூனில் பாஞ்சோ-கசூயிக்கும் அதே வித்தை. இம்முறை வேஷம் கட்டி ஏமாற்றியது ‘டக் ஹன்ட்’ நாயும் வாத்தும். பாஞ்சோ 1997-இல் நிண்டெண்டோ 64-இல் பிறந்த கரடி. அதை உருவாக்கிய ரேர் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2002-இல் வாங்கியதால் வேறு வீட்டுப் பிள்ளையாகிவிட்டது.

இந்த இரண்டு குறும்படங்களையும் வருடக்கணக்காகக் காத்திருக்காத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒன்றும் புரியாது. ஏதோ ஒரு நிழல், ஏதோ ஒரு முதலை. அவை சிரிக்க வைப்பதும் அழ வைப்பதும் ஏற்கெனவே ஏங்கி, ஏற்கெனவே ஏமாந்தவரை மட்டும்தான். ஏமாற்றத்தையே மூலப்பொருளாக வைத்துக் கதை எழுதத் தெரிந்தவர்களுக்கு, ரசிகன் எவ்வளவு எதிர்பார்க்கிறான் என்பது தெரியாதா?

அடுத்து காசு. 2018 நவம்பர் 1 அன்று, ஆட்டம் வெளிவர ஒரு மாதத்துக்கும் மேல் இருந்தபோது, ‘ஃபைட்டர்ஸ் பாஸ்’ என்று ஒன்றை அறிவித்தார்கள். ஐந்து புதிய வீரர்கள், விலை 24.99 டாலர். அந்த ஐவர் யார்? சொல்லவில்லை. 2020 தொடக்கத்தில் இரண்டாவது பாஸ்: ஆறு பேர், 29.99 டாலர். அவர்கள் யார்? அதையும் சொல்லவில்லை. நம் ஊர் தீபாவளிச் சீட்டு அட்டையில்கூட எத்தனை கிலோ இனிப்பு, எந்தப் பாத்திரம் என்று அச்சடித்திருப்பார்கள். இங்கே அதுவும் இல்லை. பெயர் தெரியாத பதினொரு பேருக்கு முன்பணம் கட்டியவர் வாங்கியது என்ன? அந்த நிமிடத்தில் அவர் கைக்கு வந்தது எதிர்பார்ப்பு, எதிர்பார்ப்பு மட்டுமே. அதை விற்ற சந்தையில்தான் ‘எதிர்பார்க்காதே’ என்ற பலகையும் தொங்குகிறது.

எதிர்த்தரப்பின் கையில் ஒரு நல்ல சீட்டு இருக்கிறது. அதை நான் மறைக்கப் போவதில்லை. 2018 அக்டோபரில் ஒரு படம் கசிந்தது. ‘கிரிஞ்ச்’ திரைப்படத்துக்கான விளம்பரப் பொருள்களுக்கு நடுவே ஸ்மாஷ் பதாகை ஒன்று. அதில் பாஞ்சோ, ஜீனோ, ஷேடோ, ஐசக் என்று எல்லோருடைய கனவுப் பட்டியலும் வரிசையாக. படத்தின் ஓரங்களைப் பெரிதாக்கி, எழுத்துருவை ஒப்பிட்டு, உண்மைதான் என்று நம்பிக் கொண்டாடினார்கள். நவம்பர் 1 அன்று வந்தவர்களோ கென், இன்சினரோர், பிறகு பிரான்ஹா செடி. பட்டியல் பொய். அன்றைக்கு வந்த கோபத்தில் பெரும்பங்கு ரசிகர்கள் தாங்களே ஊதிய பலூன்தான். எவனோ செய்த போலிக்கு நிண்டெண்டோ பொறுப்பாகாது. இங்கே கிளி உண்மையாகவே கிளிதான்.

ஆனாலும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. போலிப் படம் எந்த இடத்தில் எடுபடும்? வாக்கெடுப்பின் முடிவு பூட்டிக் கிடக்கும் இடத்தில். நிழல்களும் மௌனமும் மட்டும் பரிமாறப்படும் இடத்தில். பசியைத் தூண்டிவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்தினால், ஜன்னல் வழியே யார் எதை நீட்டினாலும் கை நீளும்.

சகுராயைப் பற்றி இங்கே சொல்லாமல் போனால் அநியாயம். 2018 ஜூன் நிகழ்ச்சியில், முந்தைய ஆட்டங்களின் வீரர்கள் அத்தனை பேரையும் திரும்பக் கொண்டுவந்ததை அறிவித்த கையோடு, அதற்கே உழைப்பெல்லாம் போய்விட்டதால் புதியவர்களை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். பின்னாளில் ‘ஃபயர் எம்பளம்’ தொடரிலிருந்து பைலத்தைச் சேர்த்தபோது, அந்தத் தொடரின் ஆட்கள் ஏற்கெனவே அதிகம், வாள்வீரர்களும் அதிகம் என்ற முணுமுணுப்பை அவர் காதில் வாங்காதது போல் நடிக்கவில்லை. ட்ரெய்லரிலேயே அந்தக் கேலி இருந்தது. இதுவும் ‘எதிர்பார்ப்பைக் குறை’ என்பதுதானே என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அவர் கொடுத்தது தகவல்: என்ன இருக்கிறது, என்ன இல்லை, ஏன் இல்லை. உபதேசிகள் கொடுப்பது மனோபாவம். கடைக்காரர் “தக்காளி தீர்ந்துவிட்டது” என்று சொன்னால் நான் நன்றி சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போவேன். “தக்காளிக்கு ஏங்குவது பக்குவமின்மை” என்றால் என்ன சொல்வது?

போக்கிமான் விஷயத்தில் தகவல்கூடத் தாமதமாகத்தான் வந்தது. அத்தனையையும் பிடித்துச் சேர்ப்பதுதான் அந்தத் தொடரின் உயிர். ஆங்கிலத்தில் அதையே கோஷமாக வைத்து விற்றார்கள். பிடித்தவற்றைப் பத்திரமாக வைத்து அடுத்தடுத்த ஆட்டங்களுக்குக் கொண்டுபோக ‘போக்கிமான் பேங்க்’ என்ற சேவையை ஆண்டுச் சந்தாவுக்குக் கொடுத்தார்கள். 2019 ஜூனில், ‘சோர்டு’, ‘ஷீல்டு’ ஆட்டங்களுக்கு எல்லாப் போக்கிமான்களும் வர முடியாது என்றார் தயாரிப்பாளர் ஜுனிச்சி மசுதா. எண்ணூறைத் தாண்டிவிட்ட பட்டியலில் ஒவ்வொன்றையும் புதிதாக வரைந்து, அசைவூட்டி, பலம் சரிபார்ப்பது லேசான வேலையல்ல. அந்தக் காரணத்தை நான் ஏற்கிறேன். கோபப்பட்டவர்களைச் சிறுபிள்ளைகள் என்றதைத்தான் ஏற்கவில்லை. லாக்கருக்கு வருடா வருடம் வாடகை கட்டியவர், உள்ளே இருக்கும் நகையை நாளை அணியலாம் என்று நினைத்ததில் என்ன சிறுபிள்ளைத்தனம்? பின்னர் வந்த கூடுதல் பாகங்களில் இருநூறுக்கும் மேற்பட்டவை திரும்பிவந்தன. அந்தப் பாகங்களுக்குத் தனி விலை.

இனி எதிர்த்தரப்பின் மிகக் கௌரவமான வாதம்: படைப்புச் சுதந்திரம். ரசிகன் கேட்டதையே கொடுப்பது கலையாகாது. ஆச்சரியப்படுத்த வேண்டுமென்றால் மறைக்கத்தான் வேண்டும். இதோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ‘மெட்டல் கியர் சாலிட் 2’ 2001 நவம்பரில் வந்தபோது, முந்தைய ஆட்டத்தின் நாயகன் ஸ்னேக்கை எதிர்பார்த்து வாங்கியவர்களுக்கு முதல் அத்தியாயம் முடிந்ததும் அதிர்ச்சி. மீதி ஆட்டம் முழுக்க ரெய்டன் என்ற பொன்முடிப் புதியவன். இயக்குநர் ஹிதேயோ கோஜிமா அவனை ஒளித்தே வைத்திருந்தார். முன்னோட்டங்களில் ரெய்டன் நிற்க வேண்டிய காட்சிகளில் ஸ்னேக்கை நிறுத்தியிருந்தார். நான் அந்த ஆட்டத்தைப் பல வருடம் கழித்துத்தான் ஆடினேன். ரகசியம் தெரிந்தே ஆடியதால் வலிக்கவில்லை, ரசித்தேன். நமக்குக் கிடைக்கும் தகவலை யார் வடிகட்டுகிறார்கள், நாயகனைப் போல ஆக வேண்டும் என்ற ஆசையை யார் வளர்க்கிறார்கள் என்பதுதான் அந்தக் கதையின் சாரமே. ஏமாற்று வேலை கதைக்குள் பாத்திரமாகவே நடித்தது. ஆகவே கோஜிமாவுக்கு என் தனிப்பட்ட மன்னிப்பு உண்டு. அன்று முழு விலை கொடுத்து வாங்கிய பதினைந்து வயதுக்காரனின் மன்னிப்பை நான் அவன் சார்பில் கொடுக்க முடியாது.

‘த லாஸ்ட் ஆஃப் அஸ் 2’ வேறு ரகம். (ஆடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.) 2019 செப்டம்பர் ட்ரெய்லரில், ஆபத்தில் நிற்கும் எல்லியின் வாயைப் பின்னாலிருந்து ஒரு கை பொத்துகிறது. திரும்பினால் ஜோயல். நீ தனியாகப் போக விடுவேனா என்கிறார். முதல் பாகத்தில் இந்த இருவரையும் நேசித்தவர்களுக்கு அந்தக் காட்சி ஒரு வாக்குறுதி: பயணம் இருவரும் சேர்ந்துதான். 2020 ஜூன் 19 அன்று ஆட்டம் வந்தது. தொடக்கத்திலேயே ஜோயல் கொல்லப்படுகிறார். அந்தக் காட்சி வரும்போது எல்லியின் பின்னால் நிற்பது வேறொருவர், ஜெஸ்ஸி. முக்கியமான மரணத்தைச் சொல்லாமல் இருப்பது மறைப்பு. எந்தக் கதைசொல்லிக்கும் அந்த உரிமை உண்டு. காட்சியில் ஆளையே மாற்றி விளம்பரத்தில் ஓட்டுவது மறைப்பு அல்ல. பெட்டியின் மேல் வேறு படம் ஒட்டுவது. ஜோயலின் மரணம் எனக்குத் துணிச்சலான கதைமுடிவாகவே படுகிறது. அந்த ட்ரெய்லர் துணிச்சலில் பிறக்கவில்லை. ஜோயல் இல்லை என்று தெரிந்தால் விற்காதோ என்ற பயத்தில்தான் பிறந்திருக்க வேண்டும்.

ஜோயலைக் கொல்லும் ஆபிக்குக் குரல் கொடுத்த நடிகை லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. குழந்தையையும் விடவில்லை. மிரட்டியவர்களுக்கு இந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட ஆதரவு கிடையாது. அது போலீஸ் விவகாரம். ஆனால் அந்தக் கயவர்களின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “பாருங்கள், ரசிகர்களே இப்படித்தான்” என்று ட்ரெய்லரைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுவதும் கண்ணியமில்லை. கல்யாண வீட்டில் எவனோ ஒருவன் குடித்துவிட்டுக் கலாட்டா செய்தான் என்பதால், சாப்பாட்டில் உப்பில்லை என்று சொன்ன பாட்டியையும் சேர்த்து வெளியே அனுப்ப முடியாது.

சரி, உபதேசம் பலித்தே விட்டது, ரசிகர்கள் நிஜமாகவே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது என்ன நடக்கும்? ஓரளவு நடந்தே இருக்கிறது. ‘மார்வெல் வெர்சஸ் கேப்காம்: இன்ஃபினிட்’, 2017 செப்டம்பர். இரண்டு உலகங்களின் வீரர்கள் மோதும் இந்த வரிசையில், 2000-இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஐம்பத்தாறு பேர். மேக்னீட்டோ, ஸ்டார்ம், வுல்வரின் என்று எக்ஸ்-மென் கூட்டம்தான் அதன் முதுகெலும்பு. ‘இன்ஃபினிட்’டில் எக்ஸ்-மென் ஒருவர்கூட இல்லை. அவர்களுடைய திரைப்பட உரிமை அப்போது வேறொரு ஸ்டுடியோவிடம் இருந்தது; அதுதான் காரணம் என்று ஊரே பேசிக்கொண்டது. தயாரிப்புத் தரப்போ, மேக்னீட்டோ வேண்டும் என்கிறவர்கள் உண்மையில் விரும்புவது அவருடைய வேகத்தையும் எல்லாத் திசையிலும் பாயும் அசைவையும்தான், கேரக்டர் என்பதே அப்படிச் சில செயல்பாடுகள்தான், அவற்றைத் தரும் வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஒரு பேட்டியில் விளக்கம் சொன்னது. எதிர்பார்ப்பைக் குறைக்கச் சொல்லும் தத்துவத்தின் சுத்தமான வடிவம் இதுதான். ஆளை மற, அசைவை எடுத்துக்கொள்.

அம்மா கைச் சாம்பாருக்கு ஏங்குகிறவனிடம், நீ உண்மையில் கேட்பது துவரம்பருப்பில் இருக்கும் புரதத்தைத்தான் என்று சொன்னது போல இருந்தது.

ரசிகர்கள் சொன்னபடியே கேட்டார்கள். எதிர்பார்ப்பதை விட்டார்கள், கூடவே ஆட்டத்தையும் விட்டார்கள். சண்டை ஆட்டங்களின் மிகப் பெரிய திருவிழாவான ஈவோ, 2018-இல் தன் முதன்மைப் பட்டியலில் அதற்கு இடம் தரவில்லை. ‘செயல்பாடுகள்’ என்ற சொல் அதன்பிறகு கேமர்களிடையே கிண்டலுக்கு மட்டுமே பயன்பட்டது.

2024 செப்டம்பரில் கேப்காம் பழைய ஏழு ஆட்டங்களைச் சேர்த்து ஒரு தொகுப்பு வெளியிட்டது. ஐம்பத்தாறு பேர் கொண்ட அந்த இரண்டாம் பாகம் அதில் இருக்கிறது. அதிலுள்ள சண்டை ஆட்டங்களில் மூத்தது 1994-இல் வந்த ‘எக்ஸ்-மென்: சில்ட்ரன் ஆஃப் தி ஆட்டம்’. ஒவ்வொருவரையாக வீழ்த்திக்கொண்டு போனால், அதில் கடைசியாக எதிரே வந்து நிற்பவர் மேக்னீட்டோ.